செருப்போடு கழற்றி வைக்க முடியாதது

தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கான பயிற்சிகளைத் திட்டமிடுகிற அலுவலர்களுக்கும், அந்தப் பயிற்சிகளில் பேசுகிற கருத்தாளர்களுக்கும், எங்கள் விடுப்பு விண்ணப்பங்களில் கையெழுத்திடுகிற மேலதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

நான் விழுப்புரம் மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியை. 2006-ல் வேலைக்குச் சேர்ந்தேன். எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. பிள்ளைகள் 41 பேர். தலைமை ஆசிரியர் நான்காம், ஐந்தாம் வகுப்புகளைப் பார்த்துக்கொள்கிறார். ஒன்று, இரண்டு, மூன்று என்னிடம். ஊரில் பாதிக் குடும்பங்கள் கரும்பு வெட்டுக்கும் செங்கல் சூளைக்கும் போகிறவை. தை பிறந்ததும் அப்பா அம்மா சூளைக்குப் போய்விட, ஆயா வீட்டில் தங்கிப் படிக்கிற பிள்ளைகள் என் வகுப்பில் எப்போதும் ஐந்தாறு பேர் இருப்பார்கள்.

போன பருவத்தில் நடந்த ஒரு பயிற்சியில் கருத்தாளர் ஒருவர் எங்களிடம் சொன்னார்: "வகுப்புக்குள்ள போகும்போது செருப்ப வெளிய கழட்டி விடுறோம் இல்லையா? அதே மாதிரி வீட்டுக் கவலையையும் வெளியவே கழட்டி விட்டுட்டுப் போங்க டீச்சர். சாயங்காலம் வந்து மாட்டிக்கலாம்." மண்டபத்தில் எல்லோரும் கை தட்டினோம். நானும் தட்டினேன். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் வீட்டுக்குத் திரும்பும் பேருந்தில் அந்தச் சொல் எனக்குள் முள்ளாய்க் குத்திக்கொண்டே வந்தது. கழற்றி வைக்க முடியாமல் நான் உள்ளே எடுத்துப் போன ஒரு நாளும், அதன் விலையை யார் கொடுத்தார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

2024 ஜூலையில் என் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சு குழறியது. தம்பி திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். அவன் மனைவி பகலில் பார்த்துக்கொள்ள, இரவு என் முறை. வார்டுக்கு வெளியே நடையில் பாய் விரித்துப் படுப்பேன். படுப்பேன் என்றுதான் சொல்ல முடியும், தூங்கினேன் என்று சொல்ல முடியாது. காலை ஆறு மணிக்குத் தம்பி மனைவி வருவாள். ஆஸ்பத்திரிக் குழாயில் முகம் கழுவிக்கொண்டு, பையில் வைத்திருந்த புடவையைக் கட்டிக்கொண்டு 6:40 பேருந்தைப் பிடிப்பேன். காலை உணவு பரிமாறுகிற நேரத்தில் ஆசிரியர் ஒருவராவது பள்ளியில் இருந்தாக வேண்டும்.

அன்று புதன்கிழமை. பிள்ளைகள் பொங்கல் சாப்பிட்டு எழுந்தார்கள். வழிபாட்டுக் கூட்டம் முடிந்தது. அடிப்படை எழுத்தையும் கணக்கையும் சொல்லித் தருகிற 'எண்ணும் எழுத்தும்' திட்ட வகுப்பு எப்படி நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2022-ல் தொடங்கியபோது எனக்குப் பயிற்சி கொடுத்ததே நீங்கள்தான். அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று கற்றல் நிலைப் பிள்ளைகள் ஒரே அறையில் உட்கார்ந்திருப்பார்கள். ஆசிரியர் பாட வேண்டும், ஆட வேண்டும், கையில் பொம்மையை மாட்டிக்கொண்டு குரலை மாற்றி மாற்றிக் கதை சொல்ல வேண்டும். நான் இந்த முறையை மனதார விரும்புகிறவள். எழுத்தைக் கண்டாலே சுவரோரம் ஒதுங்கி நின்ற பிள்ளைகள் இதில் வாய் திறந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆனால் இந்த முறையில் ஆசிரியரின் முகமும் குரலும் உடம்பும்தான் முதல் கற்பித்தல் கருவி. முன்னே எல்லாம் மனம் சரியில்லாத நாளில் பலகையில் பத்து வரி எழுதிப்போட்டு "பாத்து எழுதுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்ள முடிந்தது. அது நல்ல கற்பித்தல் என்று நான் வாதாட வரவில்லை. ஆசிரியர் மூச்சு வாங்கிக்கொள்ள அதில் ஓர் இடம் இருந்தது. இப்போது இல்லை. மூன்று இரவு தூங்காத உடம்போடு தவளை மாதிரி குதித்துக் காட்டுவது எப்படி இருக்கும் என்று செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

அன்று காலை அம்மாவுக்கு இரண்டாவது ஸ்கேன். முடிவு வந்ததும் தம்பி மனைவி போன் பண்ணுவதாகச் சொல்லியிருந்தாள். மேசை மேல் போன் அதிர்ந்தது. பாட்டை நடுவில் விட்டுவிட்டு ஓடிப் போய் எடுத்தேன். வாட்ஸாப் குழுவில் ஒரு பட்டியல்: பள்ளி விவரங்களை ஏற்றுகிற அரசு இணையதளமான எமிஸில் இதுவரை பதிவேற்றாத பள்ளிகள். மூன்றாவதாக எங்கள் பள்ளியின் பெயர், சிவப்பில்.

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் திரும்பினேன். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் நோட்டை நீட்டிக்கொண்டு நின்றான். 'மண்வெட்டி' என்று எழுதச் சொல்லியிருந்தேன். 'மன்வெட்டி' என்று எழுதியிருந்தான். நான்காவது முறையும் அதே ரெண்டு சுழி. அவன் கையிலிருந்து நோட்டைப் பிடுங்கி எறிந்தேன். அது போய் பீரோவின் காலில் மோதி அட்டை கிழிந்தது.

நான் அடிக்கவில்லை. பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானம் இதுதான். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையை மட்டும் தடை செய்யவில்லை, மனத் துன்புறுத்தலையும் சேர்த்தே தடை செய்கிறது. எனக்கு அது மனப்பாடம். பள்ளிச் சுவரில் எழுதியும் வைத்திருக்கிறோம்.

வகுப்பு உறைந்து போனது. அந்தப் பையன் நடந்து போய் நோட்டை எடுத்தான். கிழிந்த அட்டையைக் கால்சட்டையில் துடைத்தான். திரும்பி வந்து இரண்டு கையாலும் என் மேசை மேல் வைத்தான். "மறுபடி எழுதட்டுமா டீச்சர்?" என்றான். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். பெரியவர்கள் கோபப்படும்போது குறுக்கே வராமல், அசையாமல், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று கேட்கப் பழகிய பிள்ளையின் குரல் அது. அவன் அப்பா அம்மா சூளையில் இருந்தார்கள்.

மறுநாள் அவன் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் அவன் ஆயா கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். "வயிறு வலிக்குதுன்றான் டீச்சர். சோறே எறங்கல. பயந்த கோளாறுன்னு மந்திரிச்சுட்டு வந்தேன்" என்றார். நான் அந்த அம்மாளின் முகத்தைப் பார்க்க முடியாமல் வருகைப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு நான் தேடிப் படித்த ஓர் ஆய்வை இங்கே சொல்ல வேண்டும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் வெளியிட்டது. நான்காம் வகுப்பிலிருந்து ஏழாம் வகுப்பு வரை படிக்கும் 400-க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் எச்சிலை எடுத்து, மன அழுத்தத்தின்போது உடம்பில் கூடுகிற கார்ட்டிசால் என்கிற சுரப்பை அளந்து பார்த்திருக்கிறார்கள். அவர்களுடைய ஆசிரியர்களிடம் எவ்வளவு சோர்ந்து போயிருக்கிறீர்கள் என்று தனியாகக் கேட்டிருக்கிறார்கள். அதிகம் சோர்ந்திருந்த ஆசிரியர்களின் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காலையில் அந்தச் சுரப்பு கூடுதலாக இருந்தது. ஆசிரியரின் சோர்வு பிள்ளைக்குப் போகிறதா, தொல்லையான வகுப்பு ஆசிரியரைச் சோர்வாக்குகிறதா என்பதை இந்த ஆய்வைக் கொண்டு தீர்த்துச் சொல்ல முடியாது என்று அவர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அந்தத் தீர்ப்பு தேவைப்படவில்லை. வயிறு வலிக்கிறது என்று படுத்த பையனை நான் பார்த்துவிட்டேன்.

அதனால்தான் சொல்கிறேன், கவலை செருப்பு மாதிரி இல்லை. அது மூச்சில் இருக்கிறது. குரலில் ஏறுகிறது. ஒரு பிள்ளை தப்பாக எழுதியதைப் பார்த்ததும் நம் புருவம் எவ்வளவு சீக்கிரம் சுருங்குகிறது என்பதில் தெரிகிறது. நாம் மறைத்துவிட்டதாக நினைப்போம். தரையில் உட்கார்ந்து நம் முகத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிற பிள்ளைகளிடம் எதையும் மறைக்க முடியாது.

அந்தப் பையன் திரும்பி வந்த அன்று காலை நான் வகுப்பில் சொன்னேன்: "அன்னிக்கு டீச்சர் நோட்டத் தூக்கிப் போட்டது தப்பு. அவன் மேல எந்தத் தப்பும் இல்ல. டீச்சரோட அம்மாவுக்கு உடம்பு சரியில்ல, ஆஸ்பத்திரியில இருக்காங்க. அந்தக் கவலைல கோவம் வந்துடுச்சு." இவ்வளவுதான். மேலே ஒரு வார்த்தை சொல்லவில்லை. எந்த ஆஸ்பத்திரி, என்ன வியாதி, எவ்வளவு செலவு என்று பிள்ளைகளிடம் கொட்டுகிற ஆசிரியர்களும் இருக்கிறார்கள். அது பிள்ளைகளின் தலையில் சுமையை ஏற்றுவது. எதுவுமே சொல்லாமல் முகத்தை மட்டும் கடுகடு என்று வைத்திருந்தால், நம்மால்தான் டீச்சருக்குக் கோபம் என்று ஏழு வயதுப் பிள்ளை தன் மேலேயே பழியைப் போட்டுக்கொள்கிறது. இரண்டுக்கும் நடுவில் இரண்டு மூன்று வாக்கியங்களுக்குத்தான் இடம் இருக்கிறது. அதை எப்படிச் சொல்வது, எங்கே நிறுத்துவது என்று அதுவரை என் 18 ஆண்டு வேலையில் எந்தப் பயிற்சியிலும் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இதைத்தான் சொல்லிக் கொடுங்கள் என்கிறேன். பாடத்திட்டத்தைப் போலவே இதுவும் கற்றுக்கொள்ள வேண்டிய தொழில் நுணுக்கம்.

பிள்ளைகள் அதை வாங்கிக்கொண்ட விதத்தையும் சொல்கிறேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து போய் என் தண்ணீர்ப் பாட்டிலைக் கொண்டுவந்து வைத்தாள். அந்தப் பையன் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வாரம் அவன் பின்வரிசையிலேயே உட்கார்ந்தான். அடுத்த திங்கள்கிழமை முன்னால் வந்தான். வந்து, "உங்கம்மா எழுந்து ஒக்காந்தாங்களா டீச்சர்?" என்று கேட்டான். அதன் பிறகு தினமும் கேட்டான். வருகைப் பதிவு எடுக்கும்போது "உள்ளேன் டீச்சர்" சொல்லிவிட்டு, கூடவே அதையும் கேட்பான்.

இனி எங்கள் தலைமை ஆசிரியரைப் பற்றி. நோட்டை எறிந்த அன்று மதியம் அவர் என்னிடம் எதையும் விசாரிக்கவில்லை. மறுநாளிலிருந்து காலையில் நான் பள்ளிக்குள் நுழையும்போது ஒரு முறை நிமிர்ந்து என் முகத்தைப் பார்ப்பார். சில நாள் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவார். சில நாள், "டீச்சர், மொத பீரியடு அஞ்சு கிளாசையும் மரத்தடிக்கு நான் கூட்டிட்டுப் போறேன், கதை சொல்றேன். நீங்க உள்ள உக்காந்து எமிஸ் வேலைய முடிங்க" என்பார். நாற்பது நிமிடம். ஆள் இல்லாத அறையில் உட்கார்ந்து பெயர்களைத் தட்டிக்கொண்டே அழுது முடித்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவேன். மீதி நாள் முழுக்க என்னால் பாட முடிந்தது. ஒரு ஆசிரியர் உடைந்து போகாமல் வகுப்பில் நிற்பதற்கு என்ன வேண்டும் என்று என்னைக் கேட்டால், பக்கத்தில் அந்த நாற்பது நிமிடத்தைத் தருகிற ஓர் ஆள் வேண்டும் என்பேன். யோகாவும் மூச்சுப் பயிற்சியும் நல்லவைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் 41 பிள்ளைகளை விட்டுவிட்டு எங்கே போய்க் கண்ணை மூடுவது?

அவர் தந்த நாற்பது நிமிடத்துக்கு அவர் என்ன விலை கொடுத்தார் என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அவருக்குச் சர்க்கரை வியாதி. மதியம் சத்துணவு அரிசி மூட்டைகள் அடுக்கியிருக்கிற அறையில் நின்றுகொண்டே சட்டையைத் தூக்கி இன்சுலின் போட்டுக்கொள்வார். கால் புண்ணுக்கு ஒரு வாரம் கட்டாயம் ஓய்வெடுக்கச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு அவர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இரண்டு மாதம் கிடந்தது. அவர் லீவு போட்டால் ஐந்து வகுப்பும் என் தலையில் விழும், அம்மாவை வைத்துக்கொண்டு நான் திண்டாடுவேன் என்று போடவில்லை. நான் லீவு போட்டால் ஐந்து வகுப்பும் அவருடைய காலில் விழும் என்று நானும் முடிந்தவரை போடவில்லை. இப்படி ஒருவரை ஒருவர் பார்த்துப் பார்த்து, இரண்டு பேரும் நோயோடு பள்ளிக்கு வந்துகொண்டிருந்தோம்.

கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர்கள் என்கிறது. 41 பிள்ளைக்கு 2 பேர் என்பது தாளில் சரியான கணக்கு. அந்த 2 பேருக்கும் அம்மா அப்பா இருப்பார்கள், காய்ச்சல் வரும், வீட்டில் சாவு விழும், பயிற்சிக்கு அழைப்பு வரும் என்பது அந்தக் கணக்கில் சேரவில்லை. ஒருவர் வராத நாளில் எங்களுடையது ஓராசிரியர் பள்ளி.

தற்செயல் விடுப்பு ஆண்டுக்கு 12 நாள். ஜூலை முடிவதற்குள் என்னுடையது தீர்ந்துவிட்டது. மருத்துவ விடுப்பு என் உடம்புக்கு நோய் வந்தால் மட்டும்தான். அம்மாவுக்காக அதைக் கேட்க முடியாது. பெற்றோருக்கோ பிள்ளைக்கோ உடம்பு முடியாமல் போய், வேறு வழியில்லாமல் தங்களையே நோயாளியாக எழுதி வாங்கிக்கொண்டு விடுப்பில் போன ஆசிரியர்களை எனக்குத் தெரியும். பிள்ளைகளுக்கு வாய்மையைப் பற்றிப் பாடம் எடுக்கிறவர்களை இந்த நிலைக்குத் தள்ளுவது எவ்வளவு பெரிய கொடுமை என்று யோசித்துப் பாருங்கள். நான் ஈட்டிய விடுப்பு கேட்டேன். அது என் கணக்கில் இருக்கிறது, ஆண்டுக்கு 17 நாள் சேர்ந்துகொண்டுதான் வருகிறது. போனின் மறுமுனையில் மேலதிகாரியிடமிருந்து வந்த பதில்: "ரெண்டே பேர் இருக்கிற ஸ்கூல்மா. நான் யார அனுப்புவேன்?" அப்படிச் சொன்னவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவர் குரலில் இருந்தது இயலாமைதான். அனுப்புவதற்கு அவரிடம் உண்மையிலேயே ஆள் கிடையாது. பக்கத்துப் பள்ளியிலிருந்து ஒருவரை மாற்றுப்பணியில் இழுத்தால் அந்தப் பள்ளி ஒற்றை ஆளாகிவிடும்.

ஆகவே என் முதல் கோரிக்கை இதுதான், இந்த மடலில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்: ஒவ்வொரு ஒன்றியத்திலும் எந்தப் பள்ளிக்கும் கட்டுப்படாத மாற்று ஆசிரியர்களை வையுங்கள். நான்கு பேரோ ஐந்து பேரோ, ஒன்றியத்தின் அளவைப் பொறுத்து. காலையில் ஒரு பள்ளியிலிருந்து தகவல் வந்தால் அன்று அவர்கள் அங்கே போக வேண்டும். எந்தப் பிள்ளை அரும்பு, எந்தப் பிள்ளை மொட்டு என்ற விவரம் எமிஸிலேயே இருக்கிறது, போன கையோடு வகுப்பைத் தொடங்கலாம். ஆள் எங்கே என்று கேட்காதீர்கள். 2013 ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறிவிட்டு இன்னும் வேலைக்கு அழைக்கப்படாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களை நிரந்தர ஊதியத்தோடு எடுங்கள். 2012-ல் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்துக்குப் பகுதிநேர ஆசிரியர்களை எடுத்து, அவர்கள் நிரந்தரம் கேட்டுப் போராடிப் போராடியே வயதாகிப் போனது மாதிரி இன்னொரு கூட்டத்தை உருவாக்க வேண்டாம்.

இரண்டாவது, உடம்பு முடியாத பெற்றோரை, துணையை, பிள்ளையைப் பார்த்துக்கொள்வதற்கென்று ஆண்டில் சில நாள் விடுப்பை அதன் உண்மைப் பெயரிலேயே கொடுங்கள்.

எனக்கு அம்மா. பக்கத்துப் பள்ளி சாருக்கு வீட்டுக் கடன். இன்னொரு டீச்சருக்குக் குடிக்கிற கணவர். இவை எல்லாத் தொழிலிலும் உண்டு என்பீர்கள், உண்டுதான். எங்களுக்கு இப்போது அதோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பின்படி, ஓய்வு பெற ஐந்து ஆண்டுக்கு மேல் இருக்கிற ஆசிரியர்கள் எல்லோரும், தகுதித் தேர்வு என்ற ஒன்று வருவதற்கு முன்பே வேலையில் சேர்ந்தவர்களும்கூட, இரண்டு ஆண்டுக்குள் அதில் தேற வேண்டும். நானும் அதில் அடக்கம். அம்மாவைத் திருப்பிப் படுக்க வைத்துவிட்டு இரவு பத்து மணிக்குமேல் புத்தகத்தை எடுக்கிறேன். 150 மதிப்பெண்ணில் 30 குழந்தை வளர்ச்சிக்கும் கற்பித்தல் முறைக்கும். பயந்த பிள்ளையின் மனதில் எதுவும் பதியாது என்று அதில் படிக்கிறேன். படிக்கிற எனக்கே வேலை போய்விடுமோ என்ற பயத்தில் எதுவும் பதிவதில்லை. நீதிமன்றத் தீர்ப்பைப் பற்றி உங்களிடம் முறையிட்டுப் பயனில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் நாங்கள் தேறுவதற்கு வேண்டிய வகுப்பையும் நேரத்தையும் ஏற்பாடு செய்து தருவது உங்கள் கையில் இருக்கிறது.

வேறு வேலைகளைப் பற்றி நீளமாக எழுதப் போவதில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் மூன்றுக்கும் எங்களை அனுப்பலாம் என்கிறது. நாட்டு வேலை, செய்கிறோம். ஆனால் அந்த வேலை நடக்கிற வாரங்களில் பள்ளியில் எங்களிடம் வழக்கமான எல்லாவற்றையும் அதே தேதிக்குள் கேட்காதீர்கள். பதிவேற்றாத பள்ளிகளின் பெயரைச் சிவப்பு எழுத்தில் பொதுக் குழுவில் போடுவதை நிறுத்துங்கள். பள்ளி நேரத்தில் எங்கள் போன் அதிர்ந்தால் அது வீட்டிலிருந்து வருகிற அவசரம் என்று நாங்கள் நம்பி ஓடும்படி இருக்கட்டும். பதிவேற்றம் ஏன் நிற்கிறது என்று தலைமை ஆசிரியரைத் தனியாக அழைத்துக் கேட்டால் ஐந்து நிமிடத்தில் முடிகிற விஷயம் அது.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் நோய்களின் வகைப்பாட்டைத் திருத்தியபோது, வேலையால் வருகிற இந்தத் தீராச் சோர்வை அதில் சேர்த்தது. நோயாகச் சேர்க்கவில்லை, தொழில் சார்ந்த ஒரு நிலையாகச் சேர்த்தது. வேலை செய்கிற இடத்தில் நாள்பட்ட அழுத்தம் சரியாகக் கையாளப்படாததால் வருவது என்று அதற்கு விளக்கமும் சொன்னது. ஆசிரியரின் மனம் பலவீனமானது, அதைப் பயிற்சி கொடுத்துத் திடப்படுத்த வேண்டும் என்று பேசுகிறவர்கள் அந்த விளக்கத்தை ஒருமுறை படிக்க வேண்டும்.

பிள்ளைகளுக்கு நீங்கள் செய்திருக்கிற நல்லவை எனக்குத் தெரியும். பிள்ளைகள் தங்கள் குறைகளை எழுதிப் போட 'மாணவர் மனசு' பெட்டி வைத்தீர்கள். 14417 என்ற கல்வி உதவி எண்ணைச் சுவரில் எழுதச் சொன்னீர்கள், எழுதினோம். ஆசிரியரின் மனசுக்கு என்ன இருக்கிறது என்று தேடியபோது, 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 எல்லோருக்கும் பொது, நானும் கூப்பிடலாம் என்று எனக்கு ஒரு மருந்துக்கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. ஒருநாள் இரவு கூப்பிட்டேன். மறுமுனையில் இருந்த பெண் அரை மணி நேரம் பொறுமையாகக் கேட்டார். "நீங்க கடைசியா எப்ப தூங்கினீங்க?" என்று கேட்டார். அதற்கு முன்னால் யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. இந்த எண்ணை எங்கள் பயிற்சிக் கையேடுகளின் பின்னட்டையில் அச்சிடுவதற்கு ஒரு செலவும் ஆகாது.

பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடுகிற குறுவள மையக் கூட்டங்களில் மாதத்துக்கு ஒரு மணி நேரம் எங்களைச் சும்மா பேசவிடுங்கள். பத்துப் பன்னிரண்டு பள்ளி ஆசிரியர்கள் வட்டமாக உட்கார்ந்து, இந்த மாதம் வகுப்பில் எங்கே தடுமாறினோம் என்று பேசுவோம். நான் நோட்டை எறிந்ததை அங்கே சொல்ல முடிந்திருந்தால், அதே மாதிரி எறிந்த இன்னொருவர் எப்படி அந்தப் பிள்ளையைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார் என்று எனக்குச் சொல்லியிருப்பார். ஒரு வாரம் நான் பயந்துகொண்டே இருந்திருக்க வேண்டாம். அந்த ஒரு மணி நேரத்துக்குப் புகைப்படம் கேட்காதீர்கள், அறிக்கை கேட்காதீர்கள், அங்கே பேசியதை யார் மீதும் குற்றச்சாட்டாக மாற்றாதீர்கள். இந்த மூன்றில் எது நடந்தாலும் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

தனியார் பள்ளிகளில் வேலை பார்க்கிற ஆசிரியைகள் இதைப் படித்துவிட்டு, "உங்களுக்காவது 12 நாள் இருக்கிறது" என்று நினைப்பார்கள். நினைப்பதில் நியாயம் இருக்கிறது. ஒரு நாள் வராவிட்டால் சம்பளத்தில் பிடித்தம், மே மாதம் சம்பளமே கிடையாது என்று வேலை பார்க்கிற என் தோழிகள் இருக்கிறார்கள். அவர்களிடம் படிப்பதும் தமிழ்நாட்டுப் பிள்ளைகள்தான். அங்கீகாரம் கொடுக்கும்போது கட்டடத்தையும் கழிப்பறையையும் பார்க்கிற நீங்கள், அங்கே ஆசிரியருக்கு என்ன விடுப்பு இருக்கிறது என்பதையும் ஒரு வரி கேளுங்கள்.

என் அம்மா இப்போது வாக்கர் பிடித்து வாசல் வரை நடக்கிறார். பேச்சு முக்கால்வாசி திரும்பிவிட்டது. அந்தப் பையன் அடுத்த ஆண்டே நான்காம் வகுப்புக்கு, தலைமை ஆசிரியரிடம் போய்விட்டான். 'மண்வெட்டி'யை இப்போது சரியாக எழுதுகிறான், ஆனால் என் எதிரில் எழுதும்போது இன்னமும் ஒருமுறை நிறுத்தி என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அந்த எழுத்தைப் போடுகிறான். தலைமை ஆசிரியருக்கு அந்தக் கால் புண் ஆறாமல், போன டிசம்பரில் ஒரு விரலை எடுத்தார்கள்.

செருப்பைப் பற்றிப் பேசிய கருத்தாளர் ஐயாவுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அன்று தேநீர் இடைவேளையில் நீங்கள் மண்டபத்துப் பின்வாசலில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தீர்கள். நான் டம்ளர் கழுவ வந்தேன். "காய்ச்சல் எறங்குச்சா? டாக்டர் வந்தாரா? நாலு மணிக்கு மேலதான் கெளம்ப முடியும், அதுவரைக்கும் பாத்துக்க" என்று நீங்கள் சொன்னது காதில் விழுந்தது. பிறகு முகத்தைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து எங்களுக்கு அடுத்த பாட்டைச் சொல்லிக் கொடுத்தீர்கள். நீங்களும் எங்களைப் போல வகுப்பறையிலிருந்து போனவர்தானே. உங்களிடம் அன்றே வந்து கேட்டிருக்க வேண்டும். எனக்கு வாய் வரவில்லை.

இப்போது கேட்கிறேன். வீட்டில் யாருக்கு ஐயா உடம்பு சரியில்லாமல் இருந்தது? குணமாகிவிட்டதா?

இப்படிக்கு,
ஈராசிரியர் பள்ளி ஒன்றின் இடைநிலை ஆசிரியை,
விழுப்புரம் மாவட்டம்.